இல்லாத யூசர்: பாண்டியம்மாள்

பேய், முனி, காத்துக்கருப்பு என்று யாராவது பேச்சை ஆரம்பித்தால் எழுந்து டீ குடிக்கப் போகிற ஆள் நான். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு ஓடியவன், லாரியில் கிளீனராக நாக்பூர் வரைக்கும் போயிருக்கிறேன், சோலாப்பூர் பக்கம் மழைக்கு ஒதுங்க வேறு இடம் கிடைக்காமல் சுடுகாட்டுக் கொட்டகையில் மூன்று நாள் படுத்திருக்கிறேன், என்னைத் தேடி வந்தது நாய்கள்தான், அவையும் என் கையில் இருந்த ரொட்டிக்காக வந்தவை. கிணறு வெட்டியிருக்கிறேன், திருப்பூரில் பனியன் மடித்திருக்கிறேன், செல்லூரில் கேபிள் வயரைத் தோளில் சுற்றிக்கொண்டு மொட்டைமாடி மொட்டைமாடியாகத் தாண்டியிருக்கிறேன். எங்கேயும் எதுவும் என்னைப் பிடிக்கவில்லை. அதனால் இதைக் கேட்டுவிட்டு 'பயந்த ஆள், எதையோ பார்த்து மிரண்டிருக்கிறான்' என்று முடிவு கட்ட வேண்டாம். நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. நீங்கள் நம்ப வேண்டும் என்பதற்காக ஒரு வார்த்தையைக்கூட நான் கூட்டியோ குறைத்தோ சொல்லப்போவதில்லை.

இன்னொன்று. இந்த மாதிரிக் கதை என்றால் நடுச்சாமம், அமாவாசை, ஒற்றைப் பனைமரம் என்று வரும். இது பட்டப்பகல். ஆயுத பூஜை அன்று மத்தியானம், மண்டை காய்கிற வெயில்.

அப்போது ஒத்தக்கடையில் ஒரு சின்னக் கம்பெனியில் இருந்தேன். கேமரா மாட்டுகிற வேலைக்கென்று போனவனை குமரேசன் அண்ணன் கம்ப்யூட்டர் பக்கம் இழுத்துவிட்டார். அவர்தான் முதலாளி. செய்கிற வேலை என்னவென்று சுருக்கமாகச் சொல்கிறேன், இது தெரியாமல் மற்றது புரியாது. எந்தக் கம்ப்யூட்டரும் நமக்குத் தெரியாமலேயே ஒரு நோட்டுப் போட்டு எழுதிக்கொண்டே இருக்கும். இத்தனை மணிக்கு என்னைப் போட்டார்கள், இன்னார் உள்ளே வந்தார், இன்னார் பாஸ்வேர்டைத் தப்பாக அடித்தார், இத்தனை மணிக்கு அணைத்தார்கள், இப்படி. அதற்குப் பெயர் லாக். திருட்டுத்தனமாக உள்ளே நுழைகிறவன் முதலில் செய்கிற காரியம் அந்த நோட்டைக் கிழிப்பதுதான். அதனால் நாங்கள் ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் ஒரு குட்டி புரோகிராமைப் போட்டுவிடுவோம். ஒரு வரி எழுதப்பட்ட அடுத்த நிமிடமே அது நெட் வழியாகக் கிளவுடுக்கு, அதாவது எங்கோ தூரத்தில் இருக்கிற பெரிய கம்ப்யூட்டருக்குப் போய்விடும். அதற்குப் பிறகு இங்கே எவன் கிழித்தாலும் அங்கே கிழிக்க முடியாது. பள்ளிக்கூடம், மில், ஆஸ்பத்திரி என்று முப்பது நாற்பது இடங்களின் வரிகள் அங்கே போய்ச் சேரும், நாங்கள் ஒத்தக்கடையில் உட்கார்ந்து ஒரே திரையில் அவற்றைப் பார்த்துக்கொண்டிருப்போம். ஏதாவது கோணலாக வந்தால் அந்த இடத்துக்குப் போன் போட வேண்டும். அவ்வளவுதான் வேலை.

அன்றைக்குக் காலையில் குமரேசன் அண்ணன் எல்லாக் கம்ப்யூட்டருக்கும் சந்தனம் வைத்து, பொரியும் கடலையும் பொட்டலம் கட்டி எல்லோருக்கும் கொடுத்தார். என்னிடம் நீட்டினார்.

"ராமரு, கும்பிட்டு வாங்கு."

"நான் கும்புடுறதா இருந்தா மொதல்ல என் வண்டியத்தான் கும்புடணும்ணே. அது ஓடுறதுதான் அதிசயம்."

"ஒனக்கு வாய்க்கொழுப்பு அடங்கவே அடங்காதுடா. சரி, நீயே உக்காந்து பாத்துக்க. இன்னைக்கு எல்லாரும் அணைச்சுப் போட்டுப் போயிருவாய்ங்க. ஒரு ஈ காக்கா வராது."

ஆயுத பூஜை வழக்கம் உங்களுக்குத் தெரியும். கருவியைக் கழுவித் துடைத்து, பொட்டு வைத்து, சாமி முன்னால் வைத்துவிட்டால் மறுநாள் காலையில் எடுக்கும்வரை யாரும் அதைத் தொடக்கூடாது. கத்தரிக்கோலில் இருந்து கிரேன் வரைக்கும் அன்றைக்கு ஓய்வு. திரையில் அது நன்றாகத் தெரிந்தது. ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு புள்ளி, வரி வந்துகொண்டிருந்தால் பச்சை, நின்றுபோனால் சாம்பல் நிறம். பதினொரு மணியில் இருந்து பச்சை ஒவ்வொன்றாகச் சாம்பலாகிக்கொண்டே வந்தது. திருமங்கலம் பக்கம் ஒரு கோல்டு ஸ்டோரேஜ் எங்கள் கணக்கில் இருந்தது, வத்தல், புளி, மல்லி மூட்டைகளைக் கெடாமல் வைக்கிற பெரிய குளிர்க் கிடங்கு. அது பதினொன்று ஐம்பதுக்குச் சாம்பலானது. அன்று புதன்கிழமை, பன்னிரண்டுக்கு ராகு காலம், அதற்குள் பூஜையை முடித்துப் பூட்டியிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

பன்னிரண்டு நாற்பத்தொன்றுக்கு மணி அடித்தது. திரையில் ஒரு வரி. இடம், திருமங்கலம் கோல்டு ஸ்டோரேஜ், மெஷின் ரூம் கம்ப்யூட்டர். விவரம், லாகின் தோல்வி. காரணம், இல்லாத யூசர், அதாவது உள்ளே நுழைகிறவர்கள் பட்டியலிலேயே இல்லாத பெயர். அடிக்கப்பட்ட பெயர், பாண்டியம்மாள்.

புள்ளி சாம்பலாகவே இருந்தது. அதாவது அந்த இடத்தில் இருந்து எதுவும் வரவில்லை என்று திரையே சொல்கிறது, பக்கத்தில் அங்கிருந்து வந்த வரியும் நிற்கிறது. ஏதோ கோளாறு என்று விட்டேன். ஆறேழு நிமிடம் கழித்து இரண்டாவது வரி. அதே பெயர். பிறகு மூன்றாவது.

வெளியூர்த் திருடர்கள் கதவைத் தட்டிப் பார்ப்பது எங்களுக்குப் பழக்கம்தான். அட்மின், டெஸ்ட், கெஸ்ட் என்று உலகத்தில் எல்லோருக்கும் தெரிந்த பெயர்களைப் போட்டுப் பார்ப்பார்கள். எந்த ஊர்த் திருடன் பாண்டியம்மாள் என்று போட்டுப் பார்ப்பான்? எங்கிருந்து அடிக்கிறார்கள் என்று பார்த்தேன். வெளியில் இருந்து இல்லை. அந்தக் கம்ப்யூட்டரின் சொந்த கீபோர்டில் இருந்து என்று காட்டியது. அப்படியானால் யாரோ மெஷின் ரூமில் உட்கார்ந்திருக்கிறார்கள். கிடங்கு மேனேஜர் சௌந்தரத்துக்குப் போன் போட்டேன். வாயில் சோற்றோடு எடுத்தார்.

"மெஷின் ரூம் கம்ப்யூட்டர்ல யாருண்ணே உக்காந்திருக்கா?"

"யாருமில்லப்பா. பூசையப் போட்டுப் பூட்டியாச்சு. மெயினையே எறக்கியாச்சு, கரண்டு கெடையாது, நெட்டு கெடையாது. ஏன்?"

"பாண்டியம்மாள்னு ஒங்க எடத்துல யாரும் இருக்காகளா?"

"இருக்கே. மூட்டை தூக்குற பொம்பள."

"அவுக பேர்ல யாரோ கம்ப்யூட்டருக்குள்ள நொழையப் பாக்குறாய்ங்க."

அவர் சிரித்ததில் புரையேறிவிட்டது. "ஏப்பா, அது சம்பளத்துக்கே ரேகைதான் வைக்கும். அது எங்கிட்டுக் கம்ப்யூட்டருக்குள்ள நொழையும்? நீ என்ன, வெயில்ல சுத்திட்டு வந்தியா?"

"இப்ப அவுக எங்க இருக்காக?"

"பொரிய வாங்கிட்டு வீட்டுக்குப் போயிருக்கும்."

"வாங்குனத நீங்க பாத்தீகளா?"

வாயில் இருந்த சோற்றை விழுங்கினார். "முப்பது பேரு நின்னாய்ங்க, ராகு காலம் வேற வருது. மூஞ்சியப் பாத்தா குடுக்க முடியும்? நீட்டுன கையப் பாத்துக் குடுத்தேன்."

வீட்டு நம்பர் கேட்டேன், முனகிக்கொண்டே கொடுத்தார். பாண்டியம்மாளின் மகள் எடுத்தாள், செல்வி என்று பெயர். அம்மா இன்னும் வரவில்லை, சாப்பாட்டுக்குக் காத்திருக்கிறேன் என்றாள். அம்மாவின் போன் அடிக்கிறது, எடுக்கவில்லை என்று அந்த நம்பரையும் கொடுத்தாள். நான் யார் என்று கேட்டாள், சொன்னேன். பிறகு அவளே சொன்னாள்.

"இன்னைக்குப் பூசைக்காக ரூமெல்லாம் உள்ள தண்ணி விட்டுக் கழுவணும், சேல நனைஞ்சிரும்னு பழைய சேலையக் கட்டிட்டுப் போச்சுண்ணே. ஏண்ணே, என்ன ஆச்சு?"

ஒன்றுமில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். அவள் சொன்ன ரூம் என்றால் மூட்டை அடுக்குகிற குளிர் சேம்பர். வெப்பம் அளக்கிற கருவியை மாட்ட நான் உள்ளே போயிருக்கிறேன், ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு பத்து நிமிடம் நின்றதற்கே பல் தந்தி அடித்தது. கனத்த கதவு, உள்ளே இருந்து கத்தினால் வெளியே கேட்காது. உள்பக்கத்துக் கைப்பிடி உடைந்து கிடந்ததையும் அப்போது பார்த்தேன். உள்ளே மாட்டிக்கொண்டால் அடிக்க ஒரு பொத்தான் உண்டு, மெயினை இறக்கிவிட்டால் அந்த மணியும் அடிக்காது. மெஷினை நிறுத்தினாலும் அந்தச் சுவருக்குள் குளிர் ஒரு நாள் முழுக்க நிற்கும். நனைந்த சேலையோடு ஒரு மனுஷி மறுநாள் காலை வரை அங்கே கிடந்தால் என்ன ஆகும் என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

மறுபடி சௌந்தரத்துக்குப் போன் போட்டேன். சேம்பரைத் திறந்து பாருங்கள் என்றேன்.

"சாவி பூசையில இருக்குப்பா. காலைல ஏழு மணிக்கு எடுத்திரலாம். அது எங்கிட்டாச்சும் தங்கச்சி வீட்டுக்குப் போயிருக்கும். இன்னைக்கு நான் சாவியத் தொட்டேன்னு தெரிஞ்சா மொதலாளி என்னத் தொலைச்சிருவாரு."

"உள்ள ஆளு இருந்துச்சுன்னா?"

"கம்ப்யூட்டர்ல பேரு வந்துச்சுன்னு சொல்லி நான் போயிப் பூசையக் கலைக்கவா? வேற சோலியப் பாரு."

வைத்துவிட்டார். போலீசுக்குச் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். என்னவென்று சொல்வது? அணைத்துப்போட்ட கம்ப்யூட்டர் ஒரு பெண்ணின் பேரைச் சொல்கிறது என்றா? திரையை அப்படியே போட்டுவிட்டு வண்டியை எடுத்தேன்.

ஒத்தக்கடையில் இருந்து சுற்றுச்சாலை பிடித்து திருமங்கலம் போக என் வண்டிக்கு ஒரு மணி நேரம். போனிலும் அந்த வரிகள் வரும். கப்பலூர் தாண்டி ஓரமாக நிறுத்திப் பார்த்தேன், பதினொன்று வந்திருந்தது. முதலில் ஆறு நிமிடம், ஏழு நிமிடம் என்று விட்டு வந்தது, இப்போது பத்து, பன்னிரண்டு என்று இடைவெளி கூடிக்கொண்டே போனது. அது எனக்குப் பிடிக்கவில்லை. யாருக்கோ அலுத்துக்கொண்டு வருகிற மாதிரி இருந்தது.

கிடங்கு வாசலில் வாட்ச்மேன் சோணை வேப்பமர நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அறுபது வயது இருக்கும், என்னை முன்பு பார்த்திருக்கிறார்.

"என்ன கம்ப்யூட்டரு, இன்னைக்குமா வேல? ஒனக்குச் சாமி கெடையாதா?"

"பாண்டியம்மாக்கா வெளிய போனதப் பாத்தீங்களாண்ணே?"

"அம்புட்டுப் பேரும் மொத்தமாப் போனாய்ங்க. நான் என்ன எண்ணிக்கிட்டா இருந்தேன்?"

கிடங்கு ஓரத்தில் மூட்டை தூக்குகிறவர்கள் துணி மாற்றுகிற கொட்டகை இருந்தது. செல்வி கொடுத்த நம்பரை அடித்தேன். கொட்டகைக்குள் ஒரு மஞ்சள் பை ஆணியில் தொங்கியபடியே பாட்டுப் பாடியது. சோணை நாற்காலியை விட்டு எழுந்தார். பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"சாவி எங்க?"

"ஆபீசுல, சாமிக்கு முன்னாடி. வெளக்கு அணையாமப் பாத்துக்கன்னு என்னைய வச்சிட்டுப் போயிருக்காய்ங்க. தம்பி, வேணாம். பூசையில வச்சத எடுத்தா எனக்கு வேல போயிரும்."

அலுவலக அறைக்குள் போனேன். மேசை மேல் சாமி படம், அதற்கு முன்னால் தராசு, கணக்கு நோட்டு, மூட்டை குத்துகிற கொக்கி, ஸ்பேனர்கள், எல்லாவற்றுக்கும் பொட்டு. தாம்பாளத்தில் சாவிக்கொத்து, அதன் மேலும் குங்குமம். தாம்பாளத்துக்குப் பக்கத்தில் கறுப்பாக ஒரு பெட்டி. கதம்ப மாலை போட்டு, நெற்றியில் வைப்பது போலச் சந்தனம் அப்பி, தலையில் ஒரு எலுமிச்சம்பழம்.

அது மெஷின் ரூம் கம்ப்யூட்டர். நான் என் கையால் எழுதி ஒட்டிய நம்பர் அதன் முதுகில் இருந்தது. வயர்கள் கழற்றப்பட்டு பந்தாகச் சுற்றி ஓரத்தில் கிடந்தன. கீபோர்டு தனியாக ஒரு பழைய துண்டில் சுற்றியிருந்தது.

"இத எப்பண்ணே இங்க தூக்கிட்டு வந்தாய்ங்க?"

"பூசைக்கு முன்னாடியே. வருசா வருசம் கொண்டாந்து வைக்கிறதுதான. அம்புட்டு மெசினுக்கும் அதுதான மூளை."

பெட்டியின் மேல் கையை வைத்துப் பார்த்தேன். சூடு இல்லை, சத்தம் இல்லை, விளக்கு இல்லை. கையில் சந்தனம்தான் ஒட்டியது. அந்த நேரத்தில் என் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தேன். இரண்டு முப்பத்தாறு. மெஷின் ரூம் கம்ப்யூட்டர். லாகின் தோல்வி. இல்லாத யூசர். பாண்டியம்மாள்.

என் கை அந்தப் பெட்டி மேலேயே இருந்தது. நான் சொல்வதைக் கவனியுங்கள். வயர் இல்லாத பெட்டி, கரண்டு இல்லாத கட்டடம், என் உள்ளங்கை அதன் மேல். வரி அதிலிருந்து வந்தது.

பயந்தேனா என்றால் அந்த நிமிடம் பயப்பட நேரம் இல்லை. கோபம்தான் வந்தது. யார் மேல் என்று இன்றுவரை தெரியவில்லை. தாம்பாளத்தில் கையை விட்டுச் சாவிக்கொத்தை எடுத்தேன், குங்குமம் கொட்டியது. சோணை என் கையைப் பிடித்தார்.

"தம்பி, சாமி குத்தம்டா."

"குத்தத்த எம் பேர்ல எழுதிக்கங்க. ராமர்தான் எடுத்தான்னு சொல்லுங்க. கைய விடுங்க."

விட்டுவிட்டார். விட்டதோடு இல்லை, எனக்கு முன்னால் ஓடினார், அதையும் சொல்லத்தான் வேண்டும். மூன்று சேம்பர். முதல் இரண்டிலும் ஆள் இல்லை. மூன்றாவது கதவின் பூட்டிலும் பெரிய பொட்டு வைத்திருந்தார்கள். திறந்ததும் வெள்ளையாகக் குளிர் காலில் வந்து மோதியது, கூடவே வத்தல் நெடி. சோணை தும்மிக்கொண்டே கதவைப் பிடித்துக்கொள்ள, போன் வெளிச்சத்தை அடித்துக்கொண்டு மூட்டை அடுக்குகளுக்கு நடுவே கடைசி வரைக்கும் போனேன். நான்கு மூட்டை உயரத்தில், தரைக் குளிர் படாத மாதிரி ஏறி உட்கார்ந்து, ஐந்தாறு வெறும் சாக்கைச் சுற்றிக்கொண்டு ஓர் உருவம். உதடு கருநீலம். கண் பாதி மூடியிருந்தது. வெளிச்சம் பட்டதும் மெதுவாகத் திறந்தது.

"பூசை முடிஞ்சிருச்சாப்பா?" என்று கேட்டது.

எனக்குச் சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை. "முடிச்சுவிட்டாச்சுக்கா, வாங்க" என்று தூக்கினேன். கையைப் பிடித்தால் விறகுக் கட்டை மாதிரி இருந்தது. வெளியே சூடேறிக் கிடந்த சிமெண்டுத் தரையில் வெயிலில் உட்கார வைத்தோம். சோணை தன் சட்டையைக் கழற்றி அவர் பாதத்தைத் தேய்த்துக்கொண்டே "அடியே, கத்தியிருக்கலாம்ல, கத்தியிருக்கலாம்ல" என்று திட்டிக்கொண்டிருந்தார், கண்ணில் தண்ணீர் ஓடியது, வத்தல் நெடியால் என்று பிறகு சொன்னார்.

"கத்தாம கொஞ்சிக்கிட்டா இருந்தேன்?" என்றார் பாண்டியம்மாள். அப்போதுதான் எனக்கு உயிர் வந்தது.

ஆம்புலன்ஸில் ஏற்றி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். செல்வி வந்து சேர்ந்தாள். காலைவரை விட்டிருந்தால் நீங்கள் இங்கே வந்திருக்க வேண்டியதில்லை, நேராகப் பின்பக்கத்துக்குப் போயிருப்பீர்கள் என்று டாக்டர் சொன்னார். பின்பக்கம் பிணவறை.

இரண்டு நாள் கழித்துப் பார்க்கப் போனேன். அந்த வரிகளைப் பற்றிச் சொன்னேன். உங்கள் பெயரை யாரோ அடித்துக்கொண்டே இருந்தார்கள் என்றேன். அவர் வலது கைக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்.

"அந்தப் பொத்தான அமுக்கி அமுக்கி வெரலு வீங்கிப்போச்சு. ஒண்ணும் வேலைக்காகல. அப்புறம் தூக்கம் சொக்குச்சு. தூங்குனா எந்திரிக்க மாட்டோம்னு தெரியும். கண்ணு சொக்குறப்பல்லாம் எம்பேர நானே சத்தமாச் சொல்லிக்குவேன். பாண்டியம்மா, தூங்காத, பாண்டியம்மான்னு. கடைசில சொல்லவும் தெம்பில்ல. வேற யாரும் சொல்றதுக்கு அங்க ஆளு ஏது?"

எத்தனை தடவை சொன்னீர்கள் என்று கேட்டேன். எண்ணத் தெரிந்திருந்தால் நான் ஏன் மூட்டை தூக்குகிறேன் என்று சிரித்தார்.

இதற்குப் பிறகு நடந்ததெல்லாம் மனிதர்கள் செய்தது, அதில் மர்மம் ஒன்றும் இல்லை. கிடங்கு முதலாளி அந்தப் பெண் வேலை நேரத்தில் ஒளிந்து தூங்கியது என்றார். பூஜையைக் கலைத்தவன் இனி என் வாசலை மிதிக்கக்கூடாது என்றார். குமரேசன் அண்ணனைக் கூப்பிட்டு, ஒரு ஆள் மூன்று மணி நேரம் உள்ளே கிடந்ததற்குச் சாட்சியாக அந்த வரிகள் இருக்கக்கூடாது என்றார். அண்ணன் நல்ல மனிதர், ஆனால் பிழைப்பு இருக்கிறது. சென்னையில் இருந்து ஓர் இன்ஜினியரை வரவழைத்தார். அவர் பொறுமையாக விளக்கினார். நெட் இல்லாதபோது கம்ப்யூட்டர் வரிகளைச் சேர்த்துவைத்து அப்புறம் அனுப்பும், கடிகாரம் தப்பாக இருந்தால் மணி மாறிக் காட்டும் என்று.

"ஓடாத கம்ப்யூட்டர் எதைச் சேர்த்து வைக்கும் சார்?" என்று கேட்டேன். "முந்தின நாள் யாராவது பாண்டியம்மாள்னு விளையாட்டுக்கு அடிச்சிருந்தாலும், அடுத்த நாள் அந்த அம்மா உள்ள மாட்டப்போகுதுன்னு அவனுக்கு எப்படித் தெரியும்?"

அவர் கண்ணாடியைத் துடைத்தார். அப்படியும் தற்செயலாக நடக்கும் என்றார். நடக்கட்டும்.

கிளவுடுக்குப் போன வரியை அழிக்க முடியாது. முடிந்தது ஒன்றுதான், அந்த வரிகளால் பதிவான புகாரைத் 'தவறான எச்சரிக்கை' என்று எழுதி முடித்து மூடுவது. பார்த்தவன் நான் என்பதால் நான்தான் எழுத வேண்டும். அண்ணன் என் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார்.

"மாப்ள, ரெண்டு வார்த்தைடா. எழுதிட்டு எந்திரி. ஊரு ஒலகத்துல நடக்காததா?"

"ஒரு உசுர வெளிய கொண்டாந்தது எப்படிண்ணே தவறான எச்சரிக்கை ஆகும்?"

"பின்ன என்னன்னு எழுதுவ? சாமி வந்து சொல்லுச்சுன்னா?"

"சரியான எச்சரிக்கை. காரணம் தெரியவில்லை. அம்புட்டுத்தான்."

அப்படித்தான் எழுதினேன். அன்று சாயங்காலமே என் மூட்டையைக் கட்டிக்கொண்டேன். வேலை போவது எனக்குப் பதினோராவது தடவையோ பன்னிரண்டாவது தடவையோ, அதைப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. போவதற்கு முன் அந்த வரிகளை ஒரு தாளில் அடித்துப் பாண்டியம்மாளிடம் கொடுத்தேன். அந்தத் தாளையும் சோணையையும் கூட்டிக்கொண்டு அவரும் செல்வியும் தொழிலாளர் ஆபீசுக்குப் போனார்கள், சோணை தன் வேலையைப் பற்றி யோசிக்காமல் உள்ளதைச் சொன்னார். இப்போது அந்தக் கிடங்கின் எல்லாச் சேம்பரிலும் உள்ளே இருந்து திறக்கிற கைப்பிடி இருக்கிறது. பாண்டியம்மாள் அங்கேயேதான் வேலை பார்க்கிறார். ஏன் விட வேண்டும், செத்தா போனேன் என்று கேட்கிறார்.

ஆனால் நான் அவரிடம் கொடுத்த தாள் முழுத் தாள் இல்லை. கொடுப்பதற்கு முன் அடியில் ஒரு வரியைக் கத்தரித்து எடுத்துவிட்டேன். குமரேசன் அண்ணனிடமும் அதைப் பற்றிப் பேசவில்லை, இன்ஜினியரும் பாண்டியம்மாள் என்று தேடிப் பார்த்ததால் அவர் கண்ணில் அது படவில்லை.

இரண்டு முப்பத்தாறுக்கு வந்ததுதான் பாண்டியம்மாள் பெயரில் வந்த கடைசி வரி. அதற்குப் பிறகு இரண்டு நாற்பத்து மூன்றுக்கு இன்னொரு வரி வந்திருக்கிறது. அதே பெட்டி, அதே லாகின் தோல்வி, அதே இல்லாத யூசர். அந்த நேரத்தில் நான் மூட்டை அடுக்குகளுக்கு நடுவே உள்ளே போய்க்கொண்டிருந்தேன். அடிக்கப்பட்ட பெயர் வேறு.

ராமர் என்று இருந்திருந்தால் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன், அந்தப் பெயரை நானே சோணையிடம் கத்திவிட்டுத்தான் போனேன். அது ராமர் இல்லை. ராமர் என்பது லாரியில் ஏறிய அன்று நானே எனக்கு வைத்துக்கொண்ட பெயர். திரையில் இருந்தது அதற்கு முன்னால் வீட்டில் என்னைக் கூப்பிட்ட பெயர். எந்தக் காகிதத்திலும் அது இல்லை. அப்படிக் கூப்பிட்டவர்கள் யாரும் இப்போது உயிரோடு இல்லை. பாண்டியம்மாளாவது தன் பெயரைத் தானே சொல்லிக்கொண்டிருந்தார். அந்தச் சேம்பருக்குள் நான் வாயைத் திறந்தது "முடிச்சுவிட்டாச்சுக்கா" என்பதற்கு மட்டும்தான்.

என்ன பெயர் என்று கேட்காதீர்கள். இத்தனையும் சொன்னவன் அதையும் சொல்வான் என்று நினைத்திருப்பீர்கள். சொல்ல மாட்டேன். அன்றைக்கு அதைத் தெரிந்து வைத்திருந்தது எதுவோ, அதற்கு மட்டும் தெரிந்திருக்கட்டும்.